காற்று எந்தப் பக்கம், மான் எந்தப் பக்கம்

பாபநாசம் சோதனைச்சாவடி தாண்டி காரையாறு வரை போய்விட்டு, "குரங்கைத் தவிர ஒண்ணையும் காணோம்" என்று அலுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த வழியில் உள்ள நெல்லை மாவட்டத்து மலைக்காடு, முண்டந்துறை. அங்கே மானுக்குப் பஞ்சமில்லை. புள்ளிமான் உண்டு, மிளா உண்டு, கேளையாடு உண்டு, கொடுத்துவைத்தவர் கண்ணுக்குச் சருகுமானும் படும். ஆனால் நாம் வருகிற சேதி நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சேதியைக் கொண்டுபோவது காற்று. பேசாமல் நடந்தோம், காய்ந்த இலையை மிதிக்காமல் நடந்தோம் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

காற்றைப் பார்த்து மானை நெருங்குவது வேட்டைக்காரர்களின் படிப்பு. வேட்டை சட்டப்படி நடக்கிற அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றைக்கும் புதிதாகத் துப்பாக்கி எடுக்கிறவருக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தக் கதையை முடித்துவிட்டன. சுட்டால்தான் குற்றம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விரட்டுவதும், கண்ணி வைப்பதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். ஆக, இங்கே காற்றைப் படிக்க வேண்டிய அவசியம் உள்ளவர்கள் வேறு ஆட்கள்: வேட்டைத் தடுப்புக் காவலர்கள், கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள், அனுமதி வாங்கிப் படம் எடுக்கிறவர்கள், சும்மா பார்க்க ஆசைப்படுகிறவர்கள். படிப்பு அதேதான்.

முதலில் மூக்கைப் பற்றிக் கொஞ்சம். மனித உடம்பு ஓயாமல் வாசனை விட்டுக்கொண்டே இருக்கிறது. வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத தோல் செதில்களும் நிமிடத்துக்கு நிமிடம் உதிர்கின்றன. இவற்றோடு தேங்காய் எண்ணெய், சோப்பு, கொசு விரட்டும் களிம்பு, தலையில் ஒரு முழம் மல்லிகை. மானின் மூக்குநுனி எப்போதும் ஈரமாக இருக்கும், அடிக்கடி நாக்கால் நக்கி நனைத்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் வாசனைத் துகள் ஒட்டும், உள்ளே போகும். குளித்துவிட்டுப் போனால் போதும், கரித்தூள் வைத்துத் தைத்த சட்டை போட்டால் போதும் என்று வெளிநாடுகளில் பெரிய வியாபாரமே நடக்கிறது. என் கணக்கில் அதெல்லாம் வீண்செலவு. மூச்சு விடுகிற வரைக்கும் மனுசனுக்கு வாசனை உண்டு. அதை மறைக்க முடியாது, அது போகிற திசையைத்தான் நாம் தேர்ந்துகொள்ள முடியும்.

கண் விஷயத்தில் மான் நம்மைவிட ஏழை. நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டு வகை. சிவப்பும் காவியும் அதற்கு மங்கலான ஏதோ ஒரு நிறம். நீலம் நன்றாகவே தெரியும். இலைப்பச்சை நிறத்தில் ராணுவச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, கீழே நீல ஜீன்ஸோடு வருகிறவரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அசையாமல் நின்றால் மானின் கண்ணை ஏய்க்கலாம். மூக்கை ஏய்க்க வழியே இல்லை.

சரி, காற்றுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் காற்று என்றாலே மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்றுதான் என்று பலரும் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. வைகாசிக் கடைசியில் கிளம்பினால் ஆவணி, புரட்டாசி வரை அதன் ராஜ்ஜியம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையின் இந்தப் பக்கம் குற்றாலத்துக்குச் சாரலையும், கிழக்கே போகப் போக வெறும் காற்றையும் அனுப்புகிறது. மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விட்ட இடங்களில், ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டையிலும், அது நெருக்கிப் பிழிந்துகொண்டு வேகமாக வருகிறது. ஆரல்வாய்மொழிக்கு எதிரே முப்பந்தலிலும், செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே சுரண்டை, கயத்தாறு பக்கமும் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். ஐப்பசி பிறந்தால் திசை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை, கிழக்கிலிருந்து கொண்டலும் வடக்கிலிருந்து வாடையும். தை, மாசியில் காற்று சாதுவாகிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானத்துக்கு மேல் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே ஏறி வரும். பாளையங்கோட்டையில் மொட்டைமாடியில் சாயங்காலம் உட்காருகிறவர்களுக்கு இது தெரியும்.

இவ்வளவும் ஊர்க்காற்று. போனில் வானிலை செயலியைத் திறந்தால் வருவதும் இதுதான். மேற்கு, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு அம்புக்குறி காட்டும். வானிலைக்காரர்கள் காற்றை அளக்கிற உயரம் தரையிலிருந்து 10 மீட்டர். புள்ளிமானின் மூக்கு இருப்பது மூன்றடி உயரத்தில், அதுவும் ஏதோ ஒரு ஓடைக்கரைப் புதருக்குப் பின்னால். அந்த மூன்றடிக் காற்றை நிலம்தான் தீர்மானிக்கிறது. பருவம் அதற்கு ஒரு சிபாரிசு மட்டும் செய்கிறது. நெல்லை மாவட்டத்தின் மலையடிவாரத்தில் மான் பார்க்கப் போகிறவர் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

முண்டந்துறையை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் நடுவே கிடக்கிற மேட்டுச் சமவெளி, சுற்றிலும் மலை. 1962இல் சரணாலயமாகி, 1988இல் களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமான இடம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பருவக்காற்று அடங்கிய மாதங்களில் இங்கே காற்றை இயக்குவது வெயில். வெயில் பட்ட மலைச்சரிவு சூடாகும், அதை ஒட்டிய காற்றும் சூடாகி லேசாகிச் சரிவோடு மேலே ஏறும். இரவில் தலைகீழ். பாறையும் மண்ணும் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்து, சரிவில் இறங்கி, பள்ளம் தேடி, ஓடை வழியே கீழே போகும். உலகம் முழுக்க எல்லா மலையிலும் நடப்பதுதான் இது. ஆனால் நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. நாம் மலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் கிளம்பியதும் முதல் வெயில் நம் சரிவில்தான் விழும். கேரளப் பக்கச் சரிவு இன்னும் நிழலில் இருக்கும்போதே இங்கே காற்று மேலேற ஆரம்பித்துவிடும். அதே கணக்கில் சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலையடியில் நிழல் விழுந்திருக்கும். நிழல் விழுந்த சரிவில் காற்று இறங்கத் தொடங்கும். கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கே" என்று உட்கார்ந்திருப்பவர் பின்னால், அவருடைய வாசனை அதற்குள் ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

மான் தண்ணீருக்கு இறங்குகிற நேரமும் அதுதான் என்பது சங்கடம்.

ஆகவே மாலையில் நீர்நிலைக்கு மேலே, ஓடை வருகிற பக்கம் உட்காரக் கூடாது. தண்ணீருக்குக் கீழ்ப்புறம், ஓடையின் போக்கில் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டுக் கரையில் இருப்பது உத்தமம். காலையில், வெயில் ஏறிய பிறகு, இது அப்படியே மாறும்: சரிவின் மேலிருந்து கீழே பார்க்கிறவருக்கு வசதி, கீழிருந்து ஏறுகிறவர் வாசனை அவருக்கு முன்னால் ஏறிப் போகும். இரண்டுக்கும் நடுவே, விடிந்து கொஞ்ச நேரமும் சாயங்காலம் கொஞ்ச நேரமும், காற்று எந்தப் பக்கமும் போகாமல் தயங்கி நிற்கும். அசைவே இல்லை, நல்ல நேரம் என்று தோன்றும். அதைவிட மோசமான நேரம் கிடையாது. எந்தப் பக்கமும் போகாத காற்று எந்த நொடியிலும் எந்தப் பக்கமும் போகலாம். நடக்காமல் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதுதான் அப்போது செய்யக்கூடியது.

ஜமீன் காலத்து வேட்டையில் தண்ணீர்த் துறைகளில் மரத்தில் பரண் கட்டுவார்கள். மிருகம் அண்ணாந்து பார்க்காது என்பதற்காக மட்டும் இல்லை. உயரத்தில் இருக்கிறவர் வாசனை மானின் தலைக்கு மேலாகக் கொஞ்ச தூரம் போய்விடும். ஆனால் குளிர ஆரம்பித்ததும் அது கீழே இறங்கித் தரையோடு படியும். இரவு கனத்த காற்றில் தரையை ஒட்டி மெல்லிய விரிப்பாகப் பரவுகிற வாசனை, மத்தியான வெயிலில் மேலே கிளம்பிச் சிதறுகிற வாசனையைவிட வெகுதூரம் போகும். மாஞ்சோலைப் பக்கம் சாரல் நாட்களில் எல்லாமே ஈரம். வாசனை புல்லிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு லேசில் விடாது. நடந்துபோன ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் போன தடத்தில் மிளா மூக்கை வைத்து நின்று யோசிக்கும்.

ஆடி வந்தால் இந்த நுணுக்கமெல்லாம் தூள். மேல்காற்று மலை உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் விழுகிறது. விழுகிற இடத்தில் நேராக ஓடாமல் சுருட்டிக்கொண்டு திரும்பும். அடிவாரத்தில் நின்று பார்த்தால் மேற்கிலிருந்து ஓங்கி ஒரு அடி, பிறகு ஒரு ஓய்வு, அப்புறம் கிழக்கிலிருந்து முகத்தில் லேசாக ஒரு வீச்சு. அந்தக் கிழக்கு வீச்சு புதுக் காற்று இல்லை, அதே மேல்காற்று மடங்கி வருவதுதான். பெரிய பாறைக்குப் பின்னாலும், காட்டின் ஓரத்தில் திடீரென்று வெட்டவெளி தொடங்குகிற இடத்திலும் சின்ன அளவில் இதே சுழற்சி உண்டு. பாறை மறைவில் பதுங்கினால் பத்திரம் என்று நினைப்பவரின் வாசனை, பாறையைச் சுற்றி முன்பக்கமே வந்துவிடும். இன்னொன்று, இந்த மாதங்களில் மானே நிம்மதியாக இருக்காது. இலையும் கிளையும் போடுகிற சத்தத்தில் காது உதவாது, சுழல்கிற காற்றில் மூக்கையும் நம்ப முடியாது. செந்நாயும் சிறுத்தையும் உள்ள காட்டில் இரண்டு புலன் ஒரே நேரத்தில் கைவிட்டால் எப்படி இருக்கும்? காரணமே தெரியாமல் கூட்டம் திடுக்கிட்டு ஓடும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடுகிற கூட்டமும், பொங்கல் புகையும், வண்டிகளும் இதோடு சேரும். அந்த வாரம் காரையாற்றுச் சாலையில் மானைத் தேடுவது நேரவிரயம்.

மூன்றடிக் காற்றைக் கண்ணால் பார்க்க என்ன வழி? எச்சில் தொட்ட விரலைத் தூக்கிக் காட்டுவது பலத்த காற்றுக்குச் சரி, மெல்லிய அசைவை அது பிடிக்காது. பீடிப்புகை நன்றாகக் காட்டும். ஆனால் புகையே ஒரு வாசனை, காட்டுக்குள் நெருப்பும் கூடாது. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது திருநீறு. ஒரு சிட்டிகை எடுத்து இடுப்பு உயரத்தில் விரலைத் தேய்த்து உதிர்த்தால், கைக்குப் பக்கத்தில் காற்று எந்தப் பக்கம் என்று உடனே சொல்லிவிடும்.

அதைவிட ஒரு படி மேலே எருக்கம் பஞ்சு. கோடையில் எருக்கங்காய் வெடித்துக் கிடக்கும். உள்ளே பட்டு மாதிரிப் பஞ்சு, ஒவ்வொரு இழைக்கொத்தின் அடியிலும் ஒரு தட்டை விதை. விதையைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பஞ்சை மட்டும் விரல் நுனியிலிருந்து விட வேண்டும். கனமில்லாததால் அது தரையில் விழாமல் காற்றோடு போகும், நம் கண்ணும் கூடவே போகலாம். பத்தடி வரை கிழக்கே போகும், ஒரு விராலிச் செடியோ புதரோ குறுக்கிட்டதும் மேலே எழும்பும், ஓடைப்பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் தலைகுப்புறக் கீழே இறங்கித் தெற்கே திரும்பும். நிற்கிற இடத்துக் காற்றும் மான் நிற்கிற இடத்துக் காற்றும் வேறுவேறு என்பது அப்போதுதான் புரியும். அமெரிக்க வேட்டைக்காரர்களும் எருக்கின் உறவான ஒரு செடியின் பஞ்சை இதற்கே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது கடையில் வருகிறது, நமக்கு ரோட்டோரத்தில் சும்மா கிடக்கிறது.

வாசனை காற்றில் ஒரே சீராகப் பரவாது. சாம்பிராணிப் புகை மாதிரி இழை இழையாகப் பிரிந்து, நடுவே வெறுமை விட்டுப் போகும். அதனால்தான் நாற்பதடியில் நிற்கிற மான் நம்மை அறியாமல் மேய்ந்துகொண்டிருப்பதும், திடீரென்று ஒரு நொடியில் எல்லாம் மாறுவதும். அந்த ஒரு நொடி பார்க்க வேண்டிய காட்சி. கூட்டத்தில் பெரும்பாலும் மூத்த பெட்டை ஒன்றுதான் முதலில் தலையைத் தூக்கும். வாயில் புல் பாதி தொங்கும், மெல்வது நின்றிருக்கும். மூக்கை நக்கிக்கொண்டு, தாடையை லேசாக உயர்த்தி, காற்று வருகிற பக்கமாகத் தலையை இங்கும் அங்கும் அசைக்கும். நம்மைக் கண்ணால் பார்த்திருந்தால் இப்படிச் செய்யாது. காது இரண்டும் நம்மை நோக்கிக் குத்திட்டு நிற்க, ஆடாமல் முறைக்கும். மோப்பம் பிடித்த மானுக்கு ஆள் இருக்கிறான் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அப்புறம் ஒரு முன்னங்கால் மெதுவாக மடங்கி உயர்ந்து தரையில் தட்டும். வால் நிமிர்ந்து வெள்ளை தெரியும். கீச்சென்று ஒரு கத்தல். கால் தட்டுகிற கட்டத்திலேயே நாம் உறைந்து நின்று, காற்றும் விலகிவிட்டால், சில சமயம் மறுபடி குனிந்து மேயவும் செய்யும். கத்தல் வந்துவிட்டால் கிளம்பிவிட வேண்டியதுதான். அந்தக் காட்டின் மற்ற மான்களுக்கும், மேலே மரத்திலிருக்கும் மந்திகளுக்கும் சேதி போய்விட்டது. புள்ளிமானும் மந்தியும் சேர்ந்து திரிவதே ஒரு வியாபாரம்தான்: மந்தி உயரத்திலிருந்து பார்க்கிறது, உதிர்க்கிற காயும் தளிரும் கீழே மானுக்கு, மான் மூக்கால் காவல் காக்கிறது.

காற்றுக்கு நேர் எதிராக நடந்தால் போதும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பாதி உண்மை. மானும் காற்று மூக்கில் படுகிறபடி நடக்கவே விரும்பும். அதாவது நாம் போகிற அதே திசையில் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும், எட்டவே எட்டாது. காத்திருப்பவருக்குக் காற்று பக்கவாட்டில் வீசுவது மேல். மான் தனக்குச் சாதகமான காற்று என்று நம்பி வருகிற பாதைக்கு ஓரமாக, நம் வாசனை அந்தப் பாதையை மயிரிழையில் தவறவிடுகிறபடி உட்காருவதுதான் கைதேர்ந்தவர்களின் வேலை.

மலையை விட்டுக் கிழக்கே இறங்கினால் கணக்கு வேறு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் வல்லநாட்டு மலை. 1987இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம், சுமார் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழ்கிற தென்கோடி இடம். உடைமரமும் முள்ளும் பாறையும் கலந்த வெளி. வெளிமான் சரியாகச் சொன்னால் மான் குடும்பமே இல்லை, இரலை. கொம்பு ஆண்டுக்கு ஒருமுறை விழுந்து முளைக்காது. அதன் ஆயுதம் கண். வெட்டவெளியில் தூரத்து அசைவைப் பிடித்து, ஓட்டத்தில் தப்பிக்கிற பிராணி. அங்கே போய் எருக்கம் பஞ்சு விட்டுக்கொண்டிருப்பதில் பெரிய லாபமில்லை. மேட்டின் முகட்டில் தலை தெரியாமல் இருப்பதும், வெயிலை முதுகுக்கு வைத்துக்கொள்வதும்தான் உதவும்.

இந்தக் கரிசல், செம்மண் பூமியில் அந்தக் காலத்து வேட்டையும் கண்ணை நம்பியே நடந்தது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரத்துக் கன்னியும் சிப்பிப்பாறையும் பார்த்து விரட்டுகிற நாய்கள். நீண்ட முகம், ஒடுங்கிய வயிறு, காற்றாகப் பாய்கிற கால். மோப்பம் பிடித்துத் தடம் போகிற வேலைக்கு அவை வளர்க்கப்படவில்லை. வெளியில் முயல் எழுந்ததும் கண்ணால் பிடித்துக் காலால் முடிப்பதுதான் அவற்றின் வேலை. முயல் வேட்டையும் இன்று குற்றம்தான், அதைச் சிலருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

மலைக்கும் வல்லநாட்டுக்கும் நடுவே ஒரு விசித்திரம் கங்கைகொண்டான். மதுரை ரோட்டில், 2013இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம், 3 சதுர கிலோமீட்டர்கூட வராது. காட்டு மானின் மூக்கு, ஆனால் பக்கத்திலேயே ஊர், சிப்காட் தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை. ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், பைக்கில் போகிறவர் வாசனையெல்லாம் அந்த மானுக்கு அன்றாடச் சங்கதி. முண்டந்துறை மானை விரட்டுகிற வாசனை இங்கே தலையைக்கூடத் தூக்க வைக்காமல் போகலாம். அது நல்லது என்று நான் நினைக்கவில்லை. மனித வாடைக்குப் பழகிய மானுக்கு மனிதனோடு வருகிற நாயின் வாடையும் பாதி பழகிப்போகிறது. வெயிலில் தண்ணீர் வற்றி மான் வெளியே வருகிற மாதங்களில் தெருநாய்க் கூட்டத்தால் வருகிற ஆபத்து, துப்பாக்கிக்குச் சற்றும் குறைந்ததல்ல.

இனி கணக்கெடுப்பு. மான் போன்றவற்றை எண்ண, காட்டில் நேர்கோடாகப் பாதை போட்டு, விடிகாலையில் அதில் நடந்து, எந்த மான் எத்தனை தூரத்தில், எந்தக் கோணத்தில் தெரிந்தது என்று குறிப்பார்கள். தூரங்களை வைத்து அடர்த்தியைக் கணக்கிடுகிற முறை இது. முறையின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று, மான் நம்மை உணர்ந்து நகர்வதற்கு முன் அது நின்ற இடத்தில் நாம் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் அந்த நிபந்தனை உடைகிறது. பக்கத்தில் இருந்த மான்கள் முன்கூட்டியே விலகிப்போய், தாளில் எண்ணிக்கை குறைந்து விழும். கோடு போட்டது போட்டதுதான், நடக்கிறவர் காற்றைப் பார்த்து அதைத் திருப்ப முடியாது. ஒரே கோட்டில் பல நாள் நடப்பதும், எதிர்முனையிலிருந்து தொடங்கி நடப்பதும் இந்தப் பிழையைக் கொஞ்சம் சமன் செய்யும். குறிப்பேட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் காற்றின் திசைக்கும் ஒரு கட்டம் போட்டு, கோட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் திருநீறு உதிர்த்துப் பார்த்து எழுதி வைத்தால், எந்த நாள் எண்ணிக்கையைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதாவது பின்னால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்குத் தெரியும்.